பக்க வாசலால் போன மோதிர விரல்

புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் எழுதுகிறார்கள். இருதயத்தைத் திறந்து மூடியவர்கள் எழுதுகிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் என்னுடையது வெளியில் சொல்ல வெட்கப்படவேண்டிய சங்கதி. டின்மீன் திறக்கப் போய் விரலை வெட்டிக்கொண்டேன். ஒரு அங்குலம்கூட வராத காயம். அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போனேன், தைத்தார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். காயம் அழகாக ஆறியது. தழும்பைத் தேடித்தான் பார்க்கவேண்டும். விரல் மட்டும் மடங்குவதில்லை.

வழக்குப் போட்டு யாரையும் கோட்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. எந்த ஆசுபத்திரி என்றும் சொல்லப்போவதில்லை. இந்த மாவட்டத்தில் பெரிதும் சிறிதுமாகப் பல இருக்கின்றன, அவற்றில் ஒன்று. எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம், ஏனென்றால் அன்றைக்கு நான் செய்ததைத்தான் இந்த ஊரில் எல்லோரும் செய்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஒரு விரலுக்கா இவ்வளவு கதை என்று கேட்பீர்கள். நாங்கள் லிங்கநகரில் இருக்கிறோம். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். என் கணவர் திரியாய் ஊர்க்காரர், தச்சுவேலை செய்பவர். குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவருக்குக் காது போய்விட்டது. காது போனதால் வாய்ப்பேச்சும் வரவில்லை. சில வருடங்கள் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கே கைப்பேச்சு கற்றார். பிறகு இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பள்ளிக்கூடமும் போனது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக் கைப்பேச்சில் பாதியும் நாங்களே உண்டாக்கியது பாதியுமாக ஒரு பாஷை எங்கள் வீட்டில் வளர்ந்தது. எங்கள் ஒரே மகளிடம் தாய்மொழி எது என்று கேட்டால் தமிழ் என்பாள், தகப்பன்மொழி கைப்பேச்சு என்பாள். அவள் இப்போது யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள். கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கும்போது அவளுடைய கைகள் எங்கள் இரண்டு பேருடைய கைகளையும்விட வேகமாக ஓடும்.

ஆகவே என் வலக்கை எனக்குக் கை மாத்திரமல்ல. வாயும் அதுதான். கணவரோடு சிரிக்கவும் சண்டை பிடிக்கவும் எனக்கு வேறு வழி இல்லை.

வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்த கிழமை அது. வள்ளங்கள் ஒன்றும் இறங்கவில்லை. இவ்வளவு பெரிய துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டின்மீன் சாப்பிடும் நாட்கள் எங்களுக்கு வருடாவருடம் உண்டு. டின்னின் மேலே இருக்கிற வளையம் கழன்று என் கையோடு வந்துவிட்டது. கத்தியால் குத்தி, மூடியைப் பாதி நெம்பி, மீதியை விரலால் இழுத்துப் பிரித்தேன். மூடி திடீரென்று விட்டுக்கொடுத்தது. வலக்கை மோதிர விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கமாக, கோடு போட்டதுபோல வெட்டியது. முதலில் நோகவேயில்லை. குசினி நிலத்தில் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் நொந்தது.

என் கணவர் பின்வளவில் ஒரு கதவுக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தார். காது கேளாதவரைக் கூப்பிடுவதற்கு வீட்டுக்குள் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவேன், அல்லது நிலத்தில் காலால் உதைப்பேன். வளவில் இரண்டும் சரிவராது. ஒரு சிரட்டையை எடுத்து அவருடைய முதுகுக்கு எறிந்தேன். அதுவும் எங்கள் வீட்டில் கூப்பிடுகிற முறைகளில் ஒன்று. திரும்பிப் பார்த்தவர் முறைத்தார். பிறகு என் கையைக் கண்டுவிட்டு ஓடிவந்தார். துவாயால் இறுக்கிச் சுற்றினார். பக்கத்து வீட்டு மேரியக்கா காயத்தில் அப்புவதற்கு ஒரு கை நிறையக் கோப்பித் தூளோடு வந்தார். என் கணவர் அவரை வாசலிலேயே மறித்து நிறுத்திவிட்டு என்னை ஓட்டோவில் ஏற்றினார்.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஓட்டோவுக்குள் இருந்துகொண்டு நான் இடக்கையால் ரஞ்சனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

ரஞ்சன் என் சித்தப்பாவின் மகன். ஆசுபத்திரியில் சிற்றூழியனாக வேலை. தள்ளுவண்டி தள்ளுவான், நோயாளிகளை அறைக்கு அறை கூட்டிப் போவான், எல்லோருக்கும் ஓடியாடி உதவி செய்வான். எங்கள் சொந்தத்தில் யாருக்குத் தலையிடி வந்தாலும் முதலில் மணி அடிப்பது அவனுடைய தொலைபேசிதான். ஆசுபத்திரியில் ஆளைத் தெரியும் என்பது இங்கே அரைவாசி வைத்தியம்.

"அக்கா, முன் வாசலாலை வராதேங்கோ. அங்கை பயங்கர சனம். அம்புலன்ஸ் நிக்கிற பக்க வாசலாலை வாங்கோ. நான் நிக்கிறன்."

சொன்னபடி நின்றான். என்னைத் தோளில் அணைத்து உள்ளே கூட்டிப்போனான். போகிற வழியில் முன் மண்டபத்தின் ஓரமாக நடக்கவேண்டியிருந்தது. நீளமான மர வாங்குகளில் சனம் நெருங்கி உட்கார்ந்திருந்தது. ஒரு தாதி வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். கையில் காயத்தோடு இருந்த ஒரு மீனவரிடம், "பொத்துங்க. விரியுங்க. இந்த விரலை மட்டும் மடக்குங்க. இஞ்சை தொட்டால் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலப் பொத்தியும் விரித்தும் காட்டினார். இந்த வேகத்தில் பார்த்தால் இந்தச் சனம் எப்போது முடியும் என்று நினைத்தேன். ரஞ்சன் இருக்கிறானே என்று மனதுக்குள் ஒரு பெருமையும் வந்தது. அந்தப் பெருமையை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன், அதற்குத்தான் நான் விலை கொடுத்தேன்.

ரஞ்சன் என்னை நேரே மருந்து கட்டும் அறைக்குக் கூட்டிப்போனான். அந்த அறையின் வேலை தைப்பது. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் வெளியில் பார்க்கப்பட்டு அனுப்பப்படுகிறவர்கள். எலும்பு முறிந்ததா, நரம்பு அறுந்ததா என்பதெல்லாம் முன் மண்டபத்திலேயே முடிந்த விஷயம். அந்த அறைக்குள் ஒருவர் படுத்தால் அவரை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று அர்த்தம். அப்படித்தான் அந்த இடம் ஓடுகிறது, அதில் பிழை இல்லை. பக்க வாசலால் வந்தவளை யாரும் பார்க்கவில்லை என்பது அந்த அறைக்குத் தெரியாது.

குச்சவெளிப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட இரண்டு பேரை அந்த நேரம் பார்த்துக் கொண்டுவந்தார்கள். இளம் டொக்டர் ஒருவர் என் விரலை எட்டிப் பார்த்து, "சின்னக் காயம். கழுவித் தைச்சு விடுங்க, ஏற்பு ஊசியும் போடுங்க" என்று தைப்பவரிடம் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் ஓடினார். ஏற்பு ஊசி என்பது துருப்பிடித்த தகரம் வெட்டினால் போடுகிற ஊசி. என்னை வெட்டியது புத்தம்புதிய தகரம், ஆனாலும் போட்டார்கள்.

எனக்கு இரத்தம் பார்க்க ஏலாது. கட்டிலில் படுத்து, கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். சுவரில் கைகழுவும் முறையை விளக்கும் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். துவாயை அவிழ்ப்பது தெரிந்தது. எனக்குப் பின்னால் என் கணவரின் செருப்புச் சத்தமும், அவர் பதறினால் தொண்டையிலிருந்து வருகிற அந்தச் சத்தமும் கேட்டன. அது வார்த்தை இல்லை, சத்தம் மட்டும்தான். பழகாதவர்களுக்கு அது அழுகைபோலக் கேட்கும்.

"அத்தான் பயந்திட்டார் போலை" என்றான் ரஞ்சன்.

"ஆள் மயங்கி விழப் போறார். வெளியிலை இருத்துங்க" என்றார் தைப்பவர்.

"வாங்கோ அத்தான், வாங்கோ. ஒண்டும் இல்லை. சின்னக் காயம்தான்." காது கேளாதவருக்கு ரஞ்சன் சத்தமாகச் சொன்னான். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பிறகு ஒரு கதிரை இழுபடும் சத்தம் வெளியே கேட்டது. யாரிடமோ தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னான்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் இரத்தம் தெரியும். விறைக்கிற ஊசி போட்டார்கள். விரல் எனக்குச் சொந்தமில்லாத ஒரு பொருளாகிவிட்டது. தைத்தார்கள். பஞ்சு வைத்துப் பெரிய பொட்டலமாகக் கட்டினார்கள். தைத்தவர் நல்ல மனிதர். நோகுதா, நோகுதா என்று கேட்டுக்கேட்டுத்தான் தைத்தார்.

"பாத்தியளே அக்கா, அரை மணித்தியாலமும் ஆகேல்லை. முன்னாலை வந்திருந்தால் பின்னேரம்வரை காஞ்சிருப்பியள்" என்று ரஞ்சன் ஓட்டோவரைக்கும் வந்து ஏற்றிவிட்டான். ஆசுபத்திரி மதிலோரம், இந்த ஊர்த் தெருக்களில் மாடுகள்போலத் திரிகிற மான்கள் இரண்டு நின்று யாரோ எறிந்த சோற்றுப் பொதியைக் கிளறிக்கொண்டிருந்தன. நான் ரஞ்சனுக்கு இடக்கையை அசைத்துக் காட்டிவிட்டுச் சந்தோஷமாகத்தான் வந்தேன்.

ஓட்டோவில் என் கணவர் என் தோளைத் தட்டினார். அவர் கைகளால் சொல்வதை இனி வார்த்தைகளாகவே எழுதுகிறேன்.

"விரல் மடங்கேல்லை" என்றார்.

"ஊசி போட்டது. விறைச்சிருக்கு" என்று இடக்கையால் சொன்னேன். என் இடக்கைப் பேச்சு மூன்று வயதுப் பிள்ளையின் மழலை மாதிரி. அதில் நுணுக்கமாக ஒன்றும் சொல்ல வராது.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "ஊசிக்கு முதலும் மடங்கேல்லை."

பொட்டலத்தைக் காட்டினேன். இதற்குள் என்ன தெரியும் என்ற அர்த்தத்தில். அவர் வெளியே பார்க்கத் தொடங்கினார். காது கேளாதவர்கள் கதையை முடிக்க நினைத்தால் முகத்தைத் திருப்பினால் போதும்.

அந்த நாட்களில் அவர் என்னைக் கவனித்ததைச் சொல்லாமல் விட்டால் அது நன்றிகேடு. சமைத்தார். தலைவாரிப் பின்னிவிட்டார். மரவேலை செய்கிற கை என்பதால் பின்னல் கொஞ்சம் முறுக்காக இருக்கும். கை தொங்கினால் விண்விண் என்று நோவதைக் கண்டு, யன்னல் கம்பியில் தான் உடுத்துகிற ஒரு பழைய சாரத்தைக் கட்டிக் கைக்குத் தூளி செய்து தந்தார். ஆனால் மறுநாள் காலையிலும் அதே பேச்சைத்தான் எடுத்தார். "திரும்பப் போவம். முன் வாசலாலை போவம்."

நான் ரஞ்சனுக்குத் தொலைபேசி எடுத்தேன். ரஞ்சன் தைத்தவரிடம் கேட்டுவிட்டுத் திரும்ப எடுத்தான்.

"அக்கா, கட்டுப் போட்டால் மடங்காதுதானே. அவிழ்த்தாப்பிறகு சரி வருமாம். அத்தானை யோசிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை. எனக்கும் உள்ளே ஒரு நெருடல் இருந்தது, ஆனால் நான் பார்த்த கணக்கு வேறு. ரஞ்சன் எங்களுக்காக இவ்வளவு செய்திருக்கிறான். அவனைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றால், நீ செய்தது சரியில்லை என்று அவனுடைய ஆட்களுக்கு முன்னாலேயே சொன்னதுபோல ஆகும். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்களுக்குள் ஒருவர் உதவி செய்தால், அந்த உதவியைச் சோதித்துப் பார்ப்பது அவமதிப்பு. உயிர் போகிற காரியம் என்றால் யோசித்திருப்பேன். இது ஒரு சின்னக் காயம் என்று டொக்டரே சொல்லியிருக்கிறாரே.

கட்டு மாற்றுவதற்குக்கூட நான் கிளினிக் போகவில்லை. ரஞ்சன் வேலை முடிந்து போகிற வழியில் மருந்தும் பஞ்சும் கொண்டுவந்து வீட்டிலேயே மாற்றிவிட்டான். வரும்போது தோடம்பழமும் கொண்டுவருவான். தையல் இழை வெட்டுகிற நாளிலும் பக்க வாசலால்தான் போனோம். வெட்டினார்கள், காயம் நன்றாக ஆறியிருக்கிறது என்றார்கள். உண்மைதான், காயம் ஆறியிருந்தது. விரல் மடங்கவில்லை என்று சொன்னேன். "கனநாள் கட்டிக் கிடந்தது, இறுகிப்போச்சு. எண்ணெய் பூசி உருவுங்கோ" என்றார்கள்.

எண்ணெய் பூசினோம். என் கணவர் பின்னேரங்களில் முன்னால் இருந்து விரலை உருவுவார். அவர் மடக்கினால் விரல் மடங்கியது. அவர் கையை எடுத்தவுடன் தானாக எழும்பி நின்றது. நான் பொத்தினால் மற்ற நாலு விரலும் உள்ளே போகும், அது மட்டும் நேரே நிற்கும். எங்கள் பேச்சில் பாதி, கையைப் பொத்தித்தான் சொல்லவேண்டும். சோறு, முடிந்தது, நாளைக்கு, கோபம், சரி, எல்லாவற்றுக்கும் கை பொத்தவேண்டும். மகள் தொலைபேசியில் என் கையைப் பார்த்துவிட்டு, "அம்மா, திரும்பச் சொல்லுங்கோ, விளங்கேல்லை" என்றாள். அவள் முதன்முதலாக அப்படிச் சொன்னாள். பக்கத்தில் இருந்த என் கணவர் அவளுக்கு, "அம்மாவுக்குக் கொன்னை வந்திட்டுது, கை திக்குது" என்று சொன்னார். மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகு குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

மறுநாள் ரஞ்சனுக்குச் சொல்லாமல் முன் வாசலால் போனோம்.

வாங்கில் எனக்குப் பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். தகப்பனுக்குக் கால்விரலில் புண். "நீங்க காலமையே வந்துட்டீங்களா?" என்று கேட்டார். இப்பதான் என்றேன். "அப்ப இருக்கத்தான் வேணும். ஆனா இந்த மிஸ் நல்லா வடிவாப் பாப்பாங்க" என்றார். அதே தாதிதான். வரிசையில் வந்து என் முன்னால் நின்றார்.

"என்ன பிரச்சினை?"

"விரல் இறுகிப்போச்சு மிஸ்."

"பொத்துங்க."

பொத்தினேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. விரலைத் திருப்பித் தழும்பைப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழே அமத்திப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னார். பிறகு மற்ற விரல்களை நேரே பிடித்துக்கொண்டு நடு மூட்டை மடக்கச் சொன்னார். இரண்டும் அசையவில்லை. என்னை வரிசையிலிருந்து எழுப்பி நேரே டொக்டரிடம் கூட்டிப்போனார். அந்த ஆசுபத்திரியில் எனக்குக் கிடைத்த உண்மையான சலுகை அது ஒன்றுதான்.

டொக்டர் விளக்கியதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். விரலில் தசை கிடையாது. விரலை மடக்குகிற தசைகள் முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. அங்கிருந்து விரல் நுனிவரை கயிறுகள் ஓடுகின்றன. அவற்றைத் தசைநாண் என்கிறார்கள். பொம்மலாட்டக் கயிறு மாதிரி, மேலே இழுத்தால் கீழே மடங்கும். ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு கயிறு. எனக்கு டின் மூடி இரண்டையும் வெட்டியிருக்கிறது. வெட்டுப்பட்ட முனை இறப்பர் நாடா போலச் சுருங்கி உள்ளங்கைக்குள் போய்விடும். முதல் நாட்களிலேயே தேடிப் பிடித்துத் தைத்தால் பெரும்பாலும் சரிவரும். நாளாக நாளாக முனை சுருங்கிக்கொண்டே போகும், அது ஓடுகிற குழாயும் மூடிக்கொள்ளும். எனக்கு எல்லாம் கடந்துவிட்டது. மேலே இருந்த தோலைத்தான் அன்றைக்கு அழகாகத் தைத்திருக்கிறார்கள்.

"முதல் நாள் ஆர் பார்த்தது?" என்று டொக்டர் கேட்டார்.

ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கிறவரைத் தாண்டிப் போவதற்குத்தான் நாங்கள் ஆள் பிடித்தோம்.

கண்டியில் கைச் சத்திரசிகிச்சை செய்கிற டொக்டரிடம் போகச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். அன்று பின்னேரம் ரஞ்சன் வந்தான். யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு, கதிரையின் நுனியில் இருந்தான்.

"அக்கா, நான் நல்லதுக்குத்தான் செய்தனான்."

"ஓம் ரஞ்சன். எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசை, ஆனால் அவன்மேலும்தான். என்மேல் அதைவிடக் கூட. அந்த இளம் டொக்டர்மேல், மோட்டார் சைக்கிளில் வந்து விழுந்தவர்கள்மேல்கூட. ஒருவர்மேலும் முழுதாகக் கோபிக்க முடியாமல் இருந்ததுதான் பெரிய எரிச்சல். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, அத்தானை நிமிர்ந்து பார்க்காமல் போனான்.

அவன் போன பிறகுதான் என் கணவர் அன்றைக்கு நடந்ததை முழுதாகச் சொன்னார். துவாயை அவிழ்த்தபோது என் கை தளர்ந்து கிடந்ததாம். தளர்ந்த கையில் விரல்கள் தானாக அரைவாசி மடங்கியிருக்கும். என் கையில் மோதிர விரல் மட்டும் நீட்டி நின்றிருக்கிறது. மற்றவர்கள் முகத்தைப் பார்க்கிறமாதிரி அவர் என் விரல்களைப் பார்த்து வாழ்கிறவர், அது அவருக்கு உடனே தெரிந்திருக்கிறது. ரஞ்சனுக்குச் சொன்னாராம். தைப்பவருக்குச் சொன்னாராம். வெளியே கொண்டுபோய் இருத்திய பிறகு, தேத்தண்ணி கொண்டுவந்த பெண்ணுக்கும் சொன்னாராம். ரஞ்சன் முதுகில் தடவினானாம். தைப்பவர் கையால் கதவைக் காட்டினாராம். அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்தாராம்.

"தேத்தண்ணி நல்ல தேத்தண்ணி" என்றார்.

நான் எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இவர் சொல்வதை எப்போதும் வெளியாட்களுக்கு எடுத்துச் சொல்கிறவள் நான். அன்றைக்கு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். கைப்பேச்சுத் தெரியாதவர்கள், பாவம், என்ன செய்வார்கள். வாயில்லாதவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் போனது விதி. இந்தச் சமாதானத்தோடுதான் கண்டி பஸ் ஏறினேன்.

கண்டியில் கூட்டம் எங்கள் ஊரைவிட அதிகம். காலை முழுவதும் காத்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கையில் ஏதோ ஒரு கட்டு. ஒருவருக்கும் அவசரம் இல்லைப்போல இருந்தது. டொக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண். மெதுவாகத் தமிழ் பேசினார்.

"எனக்குத் தமிழ் கொஞ்சம்தான். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். விரலை நீண்ட நேரம் பார்த்தார். செய்யலாம் என்றார், ஆனால் இரண்டு தடவை வெட்டவேண்டும். முதலில் விரலுக்குள் ஒரு மெல்லிய குழாயை வைத்து, மூடிப்போன பாதையைத் திறப்பார்கள். சில மாதம் விட்டு, முன்கையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து அந்தப் பாதையில் கோர்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கை கட்டில் கிடக்கும். பிறகு நாள்தோறும் பயிற்சி. அப்படிச் செய்தும் பாதிதான் மடங்கலாம், சிலருக்கு அதுவும் இல்லை.

"நீங்க என்ன வேலை?"

"கணக்கு எழுதுறனான்."

"பேனை பிடிக்க இந்த விரல் தேவையில்லை. நிறையப் பேர் இப்பிடியே விட்டிடுவாங்க."

"டொக்டர், இவருக்குக் காது கேளாது. நான் இவரோடை கதைக்கிறது இந்தக் கையாலைதான்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். முதன்முறையாக என் கணவரைப் பார்த்தார். "அவர் என்ன சொல்றார்? கேளுங்க."

நான் கேட்டேன். குழாய், கயிறு, இரண்டு தடவை, பல மாதம் கட்டு, எல்லாவற்றையும் என் கொன்னைக் கையால் சொல்லி முடித்தேன். அவர் யோசித்தார்.

"விரல் உன்ரை. முடிவு நீதான் எடுக்கவேணும்" என்றார். "ஆனால் அவ்வளவு மாதம் கை கட்டிக் கிடந்தால் வீட்டிலை என்னோடை ஆர் சண்டை பிடிக்கிறது? கொன்னை பரவாயில்லை. எனக்கு இப்ப பழகிப் போச்சு."

நான் அதை வாயால் சொன்னபோது டொக்டர் சிரித்தார். எனக்கும் முடிவு எடுக்க அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. வேண்டாம் என்றேன். எப்போதாவது மனம் மாறினால் வரச் சொல்லிவிட்டு டொக்டர் எழுதத் தொடங்கினார்.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் மேசையில் தட்டினார். டொக்டர் நிமிர்ந்தார். என் கணவர் என்னைப் பார்க்காமல் டொக்டரையே பார்த்துக்கொண்டு, எழுந்து நின்று செய்து காட்டினார். என்னைச் சுட்டினார். தன் வலக்கையைத் தளர விட்டு, மோதிர விரலை மட்டும் நேரே நீட்டினார். இடக்கையால் அதைத் தொட்டு மடக்கினார், விட்டார், அது எழும்பி நின்றது. தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். பிறகு ஊசி பிடித்துத் தைப்பதுபோல இரண்டு தடவை காட்டி, உள்ளங்கையை நீட்டி மறித்தார். அதில் பள்ளிக்கூடத்துக் கைப்பேச்சு ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டுப் பேச்சும் இல்லை. வெறும் கை.

நான் வாய் திறக்கவில்லை. டொக்டர் என்னைக் கேட்கவும் இல்லை.

"இந்த விரல் மடங்க இல்லை, தைக்க வேணாம், முதல்ல பாருங்க எண்டு சொல்றார்" என்றார் டொக்டர். பிறகு, "அண்டைக்கு இப்பிடித்தான் சொன்னாரா?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் வீட்டில் சொன்னதை வைத்து ஓம் என்று தலையாட்டினேன். கைப்பேச்சுத் தெரியாதவர்களுக்கு விளங்காது என்ற என் சமாதானம் அதோடு போயிற்று. என் கணவர் என் தோளைத் தொட்டு, டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். அவர் என் கையையும் டொக்டரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்லை. நான் ஒண்டும் சொல்லேல்லை. அவவுக்கே விளங்கினது."

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், கண்களைத் துடைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார். இந்தமுறை அவரை யாரும் வெளியே அனுப்பவில்லை.